அணி ஜெர்சி போடலாம், சாம்பியன் ஜெர்சி வேண்டாம்: ஏற்காடு ஏறப் புறப்படும் புதியவர்களுக்கு

சைக்கிள் வாங்கியாகிவிட்டது, ஹெல்மெட்டும் வந்துவிட்டது. அடுத்து ஜெர்சி தேடி இணையக் கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளையில் சிவப்புப் புள்ளி, மார்பில் ஐந்து வண்ணப் பட்டை, வாயில் நுழையாத நிறுவனப் பெயர்கள் என்று நூறு ரகம் இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கண்ணுக்குப் பிடித்த ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியலில் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து நிற்பீர்கள். கோரிமேடு தாண்டுவதற்குள் பக்கத்தில் ஓட்டிவரும் மூத்தவர் ஒருவர் உங்கள் சட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் முன்னே போய்விடுவார். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைப் போட்டாலும் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஓரிடத்தில் மட்டும் சட்டமே குறுக்கே வருகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குள் இருக்கும் மரியாதை.

முதலில், சட்டை என்ன சொல்கிறது என்று பாருங்கள்

பந்தயச் சட்டைகள் இரண்டு வகை. "நான் இந்த அணியைச் சேர்ந்தவன்" என்று சொல்பவை ஒரு வகை. "நான் ஜெயித்தவன்" என்று சொல்பவை இன்னொரு வகை. அணிச் சட்டைகளை ரசிகர்களுக்கு விற்பதற்கென்றே அச்சிடுகிறார்கள். நீங்கள் வாங்கிப் போட்டால் அணிக்கு மகிழ்ச்சி, விளம்பரதாரருக்கு அதைவிட மகிழ்ச்சி. ஜெயித்தவருக்கான சட்டையும் அதே கடையில் கிடைப்பதால்தான் குழப்பம் வருகிறது. கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம். மாப்பிள்ளையின் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்காரக் கூடாது.

தோனியின் 7-ஆம் எண் சட்டையை ஊரே போட்டுக்கொண்டு திரிகிறதே, அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரசிகர் அதைப் போட்டுக்கொண்டு காலரியில் உட்கார்ந்து கைதட்டுகிறார். நாம் சைக்கிள்காரருக்குரிய முழு உடையில், சைக்கிள் மேலேயே உட்கார்ந்து மலை ஏறுகிறோம். பார்க்கிறவர் சட்டையையும் கால்களையும் சேர்த்தே எடைபோடுவார். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கி வண்டியை உருட்டுவதில் எந்த அவமானமும் இல்லை; எல்லோரும் உருட்டியவர்கள்தான். உலகச் சாம்பியன் சட்டையோடு உருட்டினால் மட்டும் அது வேடிக்கையாகிவிடும்.

வானவில் பட்டை: இதில் சமரசம் வேண்டாம்

வெள்ளைச் சட்டை. மார்பைச் சுற்றி மேலிருந்து கீழாக நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டைகள். ஒலிம்பிக் வளையங்களின் அதே ஐந்து நிறங்கள்தான். உலகச் சாம்பியன் போட்டியில் வென்றவருக்கு மட்டும் உரியது இந்தச் சட்டை. தொழில்முறை வீரர்களுக்கான சாலைப் பந்தய உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலாக 1927-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்தது. இத்தாலியின் ஆல்ஃபிரெடோ பிண்டா வென்றார். அண்மையில் 2024-இல் சூரிச்சிலும் 2025-இல் ருவாண்டாவின் கிகாலியிலும் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர் வென்றிருக்கிறார்.

வென்றவருக்கே இதில் எத்தனை கட்டுப்பாடு என்று பார்த்தால் விஷயம் புரியும். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தனிநபர் நேரப் பந்தயத்தில், அதாவது ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயத்தில், உலகச் சாம்பியன். அவர் அந்தப் பட்டைச் சட்டையை நேரப் பந்தயத்தில் மட்டுமே போட முடியும். மறுநாள் சாலைப் பந்தயத்தில் கூட்டத்தோடு ஓட்டும்போது கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் சாலைப் பந்தயப் பட்டை வேறொருவருடையது. மூன்று முறை வென்ற மனிதரே இப்படிக் கணக்குப் பார்த்துப் போடும் சட்டையை நாம் தட்டுவடை செட் சாப்பிடப் போகும்போது மாட்டிக்கொண்டு போகலாமா?

புதியவர்கள் ஏமாறும் இடம் இதைவிடச் சின்னது. பட்டத்தை அடுத்த ஆண்டு இழந்துவிட்ட முன்னாள் சாம்பியனுக்கு ஓர் உரிமை மிஞ்சுகிறது. தன் வழக்கமான அணிச் சட்டையின் கழுத்துப்பட்டியிலும் கைவிளிம்பிலும் அதே ஐந்து நிறங்களை ஒரு விரல் அகலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2015 முதல் 2017 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற பீட்டர் சாகனின் சட்டைக் கையை அதன் பிறகு எடுத்த படங்களில் பாருங்கள், தெரியும். மலிவு விலையில் அடிக்கும் நகல்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது, அல்லது கவலையில்லை. வீரரின் படத்தை அப்படியே பார்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். அதனால் சாதாரண அணிச் சட்டை என்று நினைத்து வாங்கியதில் கைவிளிம்பில் முன்னாள் உலகச் சாம்பியனின் முத்திரை ஒட்டிக்கொண்டு வரும். பணம் கொடுப்பதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி முதலில் கையையும் கழுத்தையும் பாருங்கள், அதன் பிறகு விளம்பரதாரர் பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். பட்டை இருந்தால் வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் ஷார்ட்ஸின் தையலும் அதே லட்சணத்தில்தான் இருக்கும். அதன் பலனை அனுபவிப்பது உட்காரும் இடம்.

காலுறையிலும் பாட்டிலிலும் இந்த நிறங்கள் இருந்தால்? அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மார்பும் கைவிளிம்பும் கழுத்தும்தான் கணக்கு.

மஞ்சள், இளஞ்சிவப்பு, புள்ளிச்சட்டை

பல நாள் நடக்கும் டூர் து பிரான்ஸ் பந்தயத்தில் மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள். 1919-இல் தொடங்கிய வழக்கம். முதலில் போட்டவர் யூஜீன் கிறிஸ்டோஃப். பந்தயத்தை நடத்திய லோட்டோ என்ற பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. இத்தாலியப் பந்தயத்தின் இளஞ்சிவப்பு 1931-இல் வந்தது. அங்கேயும் நடத்திய பத்திரிகையின் தாள் நிறம்தான் சட்டைக்கு வந்தது. ஸ்பெயின் பந்தயத்தில் 2010 முதல் சிவப்பு. பிரான்ஸ் பந்தயத்தில் புள்ளிகள் அதிகம் சேர்த்தவருக்கு 1953 முதல் பச்சை. மலையேற்றத்தில் முதல்வருக்கு 1975 முதல் வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த புள்ளிச்சட்டை.

மஞ்சளின் மதிப்பு தெரியவேண்டுமானால் பிரெஞ்சு வீரர் ரேமோன் பூலிடோரைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். எட்டு முறை மேடை ஏறிய அந்த மனிதர் வாழ்நாளில் ஒருநாள்கூட மஞ்சள் சட்டை போட்டதில்லை. அவர் 2019-இல் மறைந்தார். 2021-இல் அவர் பேரன் மாத்தியூ வான் டெர் போல் இரண்டாம் நாள் பந்தயத்திலேயே அதை வாங்கினார். கிடைத்தும் மறுத்தவரும் உண்டு. 1971-இல் முன்னணியில் இருந்த லூயிஸ் ஒகான்யா, புயல் மழையில் மலை இறங்கும்போது விழுந்து பந்தயத்தை விட்டு விலகினார். முதலிடம் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸுக்கு வந்தது. மறுநாள் அந்தச் சட்டையைப் போட மெர்க்ஸ் மறுத்துவிட்டார். இன்னொருவர் விழுந்ததால் வந்ததைப் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அணிகளே ஒதுங்கிப்போகும் வழக்கமும் உண்டு. ஸ்பெயினில் முன்பு இருந்த ஓன்ஸே அணியின் சட்டை மஞ்சள். பிரான்ஸ் பந்தயத்துக்கு வரும்போது மட்டும் அவர்கள் இளஞ்சிவப்புக்கு மாறிவிடுவார்கள். முன்னணி வீரரின் மஞ்சளோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக.

இதற்காக மஞ்சள் நிறத்தையே ஒதுக்கவேண்டியதில்லை. நம்மூரில் வெறும் மஞ்சள் ஜெர்சியைப் பார்த்தால் சென்னை கிரிக்கெட் அணி ரசிகர் என்றுதான் நினைப்பார்கள். பந்தயத்தின் முத்திரையும் விளம்பரதாரரும் அச்சான அசல் நகலைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். சாதாரண மஞ்சள், பச்சை, சிவப்பு எதையும் போடலாம். மலைப்பாதையில் மஞ்சளைப் போலக் கண்ணில் படும் நிறம் வேறு இல்லை.

புள்ளிச்சட்டையில் எனக்குக் கொஞ்சம் இளகிய மனம் உண்டு, மற்றவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைக்கு 21. ஒன்றுதான் குறைவு என்று சேலத்துக்காரர்கள் பெருமை பேசுவோம். அங்கே 13.8 கிலோமீட்டரில் சராசரி ஏற்றம் 8 சதவீதம் என்பதையும், நம் பாதை அதைவிட நீண்டு மெதுவாக ஏறுகிறது என்பதையும் அப்போது சொல்லமாட்டோம். அந்தப் பெருமையில் புள்ளிச்சட்டை வாங்கிவிடுகிறார்கள். பிரான்ஸ் பந்தயம் பார்க்கப் போனால் விளம்பர வண்டிகள் புள்ளி போட்ட டி-சர்ட்டையும் தொப்பியையும் கூட்டத்தில் வீசிக்கொண்டே போகும். அதை ஏற்காடு ஏரிக்கரையில் போட்டுக்கொண்டு நடக்கலாம், யாருக்கும் உறுத்தாது. ஜெர்சியாகப் போட்டு ஏறினால் கேலியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். பத்து வயதுப் பிள்ளை போட்டால் எந்தச் சட்டையும் சரி. வானவில்கூடச் சரி.

மாமா வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கிவந்த மஞ்சள் ஜெர்சியை என்ன செய்வது? வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்கும் கருவி) ஓட்டும்போது போடுங்கள். மாமா வரும் வாரம் மட்டும் வெளியே போடுங்கள். காரணம் தெரிந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கொடி, நாடு, மாநிலம்

பல நாடுகளில் தேசியச் சாம்பியனும் கொடி நிறத்தில் தனிச் சட்டை போடுவார்: பிரான்ஸில் நீலம், வெள்ளை, சிவப்பு, பெல்ஜியத்தில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு. அணியின் பெயரும் மார்பில் கொடி நிறமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது தேசியச் சாம்பியனின் சட்டை. தவிர்த்துவிடுங்கள்.

முதுகில் "இந்தியா" என்று அச்சிட்ட நீலச் சட்டை நாட்டுக்காக ஓட்டுகிறவருடையது. ரசிகர் சட்டையாகவும் விற்கிறார்கள், அதனால் இதில் கடுமை காட்டமுடியாது. மாநில அணிச் சட்டை வேறு கதை. தமிழ்நாடு என்று எழுதிய சட்டையைத் தேசியப் போட்டிக்குத் தேர்வாகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். சித்தப்பா மகன் தேர்வாகி வாங்கிய சட்டை உங்களுக்கு அளவாக இருக்கிறது என்பதற்காகப் போட்டுக்கொண்டு வராதீர்கள். அவரோடு ஓட்டிய யாராவது ஒருவர் அன்றைக்குக் கூட்டத்தில் இருப்பார்.

முன்பு சொன்ன சட்டம் இதுதான்: தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் பயன்படுத்துவது, தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுதந்திர தினத்தன்று ஓட்டுவதற்கென்று கொடி அச்சிட்ட ஷார்ட்ஸைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

அணிச் சட்டை: போடுங்கள், அளவோடு

இதில் தாராளமாக இருக்கலாம். சைக்கிள் அணிகளுக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயர் கிடையாது, பணம் போடுகிறவரின் பெயர்தான். லாட்டரி நிறுவனம், தரைவிரிப்பு நிறுவனம், பசை நிறுவனம், பல்பொருள் அங்காடி என்று எல்லாம் உண்டு. மெர்க்ஸ் ஓட்டிய மோல்தேனி அணிக்குப் பணம் போட்டது இத்தாலிய இறைச்சி நிறுவனம். அந்த ஆரஞ்சுச் சட்டையை இன்றைக்கும் உலகம் முழுக்கப் போடுகிறார்கள். 1980-களின் லா வி கிளேர் அணியின் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் அப்படித்தான். பழைய அணிச் சட்டையில் உரிமை கோரல் எதுவும் இல்லை. பழசை விரும்புகிறவர் என்ற நல்ல பெயர்தான் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் ஏழு பட்டங்களையும் இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அமெரிக்க அஞ்சல் அணிச் சட்டை. போடக் கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் அடிவாரம் முதல் இருபதாம் வளைவு வரை அதைப் பற்றியே பேசவேண்டியிருக்கும், மூச்சு மிச்சம் இருந்தால்.

அளவு என்றால், ஜெர்சி மட்டும் அணியுடையதாக இருக்கட்டும். ஷார்ட்ஸ் வெறும் கறுப்பு. ஜெர்சி, ஷார்ட்ஸ், கையுறை, காலுறை, ஹெல்மெட், சைக்கிள் எல்லாம் ஒரே அணியாகச் சேர்ந்துவிட்டால் மாறுவேடப் போட்டிக்கு வந்தது போல ஆகிவிடும். வீரரின் பெயர் அச்சிட்ட சட்டையும் வேண்டாம். அந்த அணி ஓட்டும் சைக்கிளைத்தான் நீங்களும் ஓட்டவேண்டும் என்று விதி பேசுகிறவர்கள் உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது கடைக்காரர்களுக்கு லாபமான விதி.

இத்தனை பார்த்து வாங்கிப் போட்ட பிறகும், டீக்கடைப் பெரியவர் "எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள், தம்பி?" என்று கேட்பார். ஆரஞ்சு நிற அணி என்றால் அடுக்குமாடி வாசலில் காவலர், ஆர்டர் எந்த வீட்டுக்கு என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சட்டையைவிட முக்கியமான ஒன்று: பந்தயங்களில் வீரர்கள் குப்பை போடுவதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வேறு இடத்தில் வீசினால் தண்டனை உண்டு. தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கடித்துவிட்டுக் காப்பித் தோட்ட ஓரத்தில் எறிவதை அணிச் சட்டைக்காரர் செய்தால் பத்து மடங்கு கண்ணில் படும். முதுகில் மூன்று பை இருக்கிறது, ஒன்றைக் குப்பைக்கு ஒதுக்குங்கள். அதே பையில் வாழைப்பழத்தை வெளியே தெரியும்படி வைத்தால் வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் வாங்கிக்கொள்ளும்.

நம்மூர்ச் சாம்பியன் சட்டைகள்

உண்மையான மனவருத்தங்கள் வருவது இங்கேதான். நெடுந்தூர பிரெவே ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் சூப்பர் ரேண்டனர். அந்தப் பெயர் அச்சிட்ட ஜெர்சிக்குப் பின்னால் தூங்காத இரவுகள் இருக்கின்றன. சேலத்தில் உலகச் சாம்பியன் யாரும் இல்லை, ஆனால் 600 முடித்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே ஓட்டுகிறார்கள். வானவில் பட்டையை மன்னித்துவிடும் அவர்கள் இதை மன்னிப்பது கடினம். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சட்டையும் இந்த வகைதான். கலந்துகொண்டு முடிக்காதவர் போடலாமா என்று கேட்பார்கள். அவ்வளவு தூரம் போய்ப் புறப்பட்டவர் போடட்டும் என்பது என் கட்சி. முடித்தவர்களில் இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடமாட்டேன்.

சைக்கிள் மன்றச் சட்டையை உறுப்பினரானதும் வாங்குங்கள், அதற்கு முன் இரவல் வாங்கிப் போடவேண்டாம். மாரத்தான் டி-சர்ட்டில் சைக்கிள் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். வியர்வையில் கனக்கும், அவ்வளவுதான்.

மலைக்குப் பொருந்துமா?

இதுவரை சொன்னது மரியாதை. இனி உயிர். பல அணிச் சட்டைகள் கருநீலத்திலும் கறுப்பிலும் வருகின்றன. தொலைக்காட்சியில் அழகாக இருக்கும். மரநிழலும் பனிமூட்டமும் சேர்ந்த மேல் வளைவுகளில் அந்த நிறம் பஸ் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அதற்கு முதலில் நீங்கள் தெரிய வேண்டும். வெளிர்நிறச் சட்டையுள்ள அணியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அல்லது மேலே பளிச்சென்ற மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போடுங்கள். அது எப்படியும் வேண்டும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். வியர்த்து நனைந்த சட்டையோடு அத்தனை தூரம் இறங்கினால் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போகும். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவார்கள். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஷார்ட்ஸ் வாங்காதீர்கள். நனைந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. கறுப்பு ஷார்ட்ஸும் பழசாகிப் பின்பக்கம் நைந்துவிட்டால் வெயிலில் கண்ணாடியாகிவிடும். போட்டிருப்பவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியும். நல்ல நண்பர் சொல்லிவிடுவார். உள்ளாடை இல்லாமல்தான் போடவேண்டும் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய அளவுகள் சிறியவை. சட்டையில் உங்கள் வழக்கமான அளவுக்கு ஒன்றோ இரண்டோ கூட்டி வாங்குங்கள்.

ஏறும்போது ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். பந்தய வீரர் எல்லைக்கோடு நெருங்கும்போது அதை மேலே இழுத்துவிடுவார், விளம்பரதாரர் பெயர் படத்தில் விழவேண்டும் என்று. நாம் ஏற்காட்டின் ஒண்டிக்கடை ரவுண்டானா வரும்போது இழுத்துவிடவேண்டும். அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். சேர்வராயன் கோயிலுக்குப் போவதாக இருந்தால் ஷார்ட்ஸின் மேலே போட மெல்லிய முழுக்கால்சட்டை ஒன்றைச் சுருட்டி முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் போட்டிருந்தால்

உங்களுக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டது என்பதற்காக அடுத்த வாரம் வானவில் பட்டையோடு வரும் புதியவரைக் கூட்டத்தில் வைத்துக் கேலி செய்யாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். மேலே ஏறி, காப்பி குடித்து, அவர் மறுபடியும் வருவார் என்று தெரிந்த பிறகு, தனியாக இருக்கும்போது அந்தப் பட்டை யாருடையது என்று கதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த ஞாயிறு வேறு சட்டையில் வருவார். வராவிட்டால் விட்டுவிடுங்கள், சட்டை அவருடையது.

வாங்கிய ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், மென்மைப்படுத்தும் திரவம் சேர்க்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்டால் அச்சு வெளுத்துப்போகும்.